யெஸ் கேட்டுத் தலை சுற்றிய தம்பிக்கு

கல்முனையில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "அண்ணன், பிங்க் ஃபுளொய்டின் 'டார்க் சைட் ஒஃப் த மூன்' கேட்டேன், பிடித்தது. அந்த உற்சாகத்தில் யெஸ் குழுவின் 'குளோஸ் டு த எட்ஜ்' போட்டேன். மூன்று நிமிடத்தில் தலை சுற்றி நிறுத்திவிட்டேன். ஒரு பாட்டு ஏன் 18 நிமிடம் போகவேண்டும்? இந்தப் பழைய றொக், புரோகிரசிவ் றொக் எல்லாம் எந்த அல்பத்தில் தொடங்கினால் ஒட்டும்?"

பிழை உங்களில் இல்லை தம்பி. நீச்சல் பழகாமல் நேரே முகத்துவாரத்தில் இறங்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். புரோகிரசிவ் றொக் என்பது நீளமான பாட்டு, சிக்கலான தாளம் என்று போகிற றொக். யெஸ்ஸைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள், கடைசியில் திரும்பி வருவோம். முதலில் பிங்க் ஃபுளொய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனில். போனில் ஷஃபிளை நிறுத்தி வையுங்கள். இந்த வகை அல்பங்களைக் கெடுப்பதில் அதற்கு நிகரில்லை.

ஏன் இதிலே தொடங்கச் சொல்கிறேன்? முதல் ஒலியைக் கவனியுங்கள். மெதுவாக, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு ரீங்காரம். அதில் பாதி சிந்தசைசர். மீதி, விளிம்பில் ஈர விரலைத் தேய்த்து எடுத்த வைன் கிளாஸ் ஓசை. 'டார்க் சைட்' பெரிய வெற்றி பெற்ற பிறகு இவர்களுக்கு ஒரு விசித்திர ஆசை வந்தது. வாத்தியமே இல்லாமல் வீட்டுச் சாமான்களை மட்டும் வைத்து ஒரு அல்பம் செய்வது. ரப்பர் பாண்ட், போத்தல் என்று என்னென்னவோ வைத்து மினைக்கெட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அந்த முயற்சியில் மிஞ்சிய கிளாஸ் ஓசைதான் இங்கே வந்து சேர்ந்தது.

இதில் எங்களுக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். மீனா, ஊரியா (நத்தை வகை) என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இங்கே வந்து அதைக் கேட்டுவிட்டு எழுதியதில் என்ன உவமை சொன்னார் தெரியுமா? ஈர விரலால் விளிம்பைத் தேய்த்த வைன் கிளாஸின் மெல்லிய அதிர்வு. எனக்கு இது தெரிய வந்த நாளில் இருந்து அந்த அல்பத்தின் முதல் நிமிடம் வாவித் தண்ணீருக்குள் இருந்துதான் வருகிறது. வெறும் தற்செயல், தெரியும். இருந்தாலும் உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

அப்புறம் கிற்றாரில் நாலே நாலு சுரம். டேவிட் கில்மர் அதை வாசித்துவிட்டு விடுகிறார், வாசித்துவிட்டு விடுகிறார். ட்ரம்ஸ் வருகிறது. குரல் மட்டும் வருவதாயில்லை. எட்டரை நிமிடம் தாண்டிய பிறகுதான் றொஜர் வோட்டர்ஸ் வாயைத் திறக்கிறார். கூத்துப் பார்த்து வளர்ந்த எவருக்கும் இந்தக் காத்திருப்பு புதிதாக இருக்கக் கூடாது. கட்டியகாரன் வந்து சொல்லிவிட்டுப் போவான், மத்தளம் ஏறும், சல்லரி ஏறும், ராசா இன்னும் களரிக்கு வந்திருக்கமாட்டார். அந்த இடைவெளியில்தான் ராசா பெரியவராகிறார். இந்தப் பாட்டில் வருகிற ராசா சிட் பரெட். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், மனம் குலைந்து 1968இல் விலகியவர். 1975 ஜூன் 5ஆம் திகதி, அவரைப் பற்றிய இதே பாட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரம், மொட்டைத் தலையும் மழித்த புருவமும் பருத்த உடலுமாக ஒருவர் ஏபி றோட் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். பழைய கூட்டாளிகளுக்கே ஆளை உடனே மட்டுப் பிடிக்க முடியவில்லை. அவர்தான் பரெட்.

என் கணக்கில் இது 'டார்க் சைட்'டை விட ஒரு படி மேல். சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள், வரட்டும். 'டார்க் சைட்' குறையே இல்லாத அல்பம். அதுதான் அதன் குறை என்று எனக்குப் படும். எல்லாம் அளந்து வைத்த மாதிரி. ஆனாலும் அதில் இரண்டு இடம் என்னை விட்டுப் போகாது.

ஒன்று 'மனி'. என் தாய்மாமன் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடித்தவர். ஒருநாள் டவுனுக்கு வந்தவர் எங்கள் கல்லடி வீட்டுத் திண்ணையில் இருந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் கசெட்டைப் போட்டேன். காசு குலுங்குகிற சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் தாளமாக ஓடத் தொடங்கியதும் மாமாவின் கை நின்றது. மற்றக் கை தொடையில் தட்டிப் பார்த்தது. நாலு தட்டினார், அடுத்த நாலில் கால் இடறினமாதிரி ஒரு தடுமாற்றம். திரும்பவும் தட்டினார். "இவன் ஒரு அடியத் திண்டுட்டான் மனே," என்றார். பாட்டு ஏழு அடித் தாளத்தில் போகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. சக்ஸபோனும் ஏழிலேயே வாசித்து முடிந்து, கிற்றார் தனி வாசிப்புக்கு வரும்போது தாளம் நாலுக்கு மாறும். மாமா உடனே பிடித்துவிட்டார். "மறுகா நேராப் போறான் பாரு." நேரானதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. சுண்ணாம்புக்குத் திரும்பினார்.

மற்றது 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. சாவைப் பற்றிய பாட்டு, ஆனால் பாடுகிற குரலில் ஒரு சொல்லும் இல்லை. கிளெயர் டொரி என்ற பாடகி 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சொல் இல்லாமல் குரலை மட்டும் விட்டுப் பாடினார். கூலி 30 பவுண். பிறகு 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் இணக்கம் கண்டு, இசையமைத்தவர்களில் ஒருவராகத் தன் பெயரையும் போட வைத்தார். நல்லது செய்தார். செத்த வீட்டில் ஒப்பாரி ஏறி, சொல்லெல்லாம் தீர்ந்து, வெறும் குரல் மிஞ்சுகிற இடத்தைக் கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டைப் பற்றி நான் வேறு விளக்கம் தரத் தேவையில்லை.

சரி, 18 நிமிடக் கேள்விக்கு வருவோம்.

பாதிப் பதில் இசைத்தட்டிலேயே இருக்கிறது. ஒரு எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம், சற்றுக் கூட. அதற்கு மேல் போனால் கீறல்களை நெருக்க வேண்டும், சத்தம் மெலிந்துபோகும். 1960களின் பிற்பகுதி வரைக்கும் றொக்கில் காசு தந்தது மூன்று நிமிடச் சிங்கிள், தனிப்பாட்டுக்கான சின்னத் தட்டு. பிறகு ஆட்கள் அல்பம் வாங்கத் தொடங்கியதும், இசைக்காரருக்கு 'ஒரு பக்கம்' என்பதே ஒரு அளவாகத் தெரிந்தது. எட்டுப் பாட்டை அடுக்குவதா, ஒரு பக்கத்தையே ஒரு பாட்டாக்குவதா? வானொலிக்கு அது ஒத்துவரவில்லை. யெஸ்ஸின் 'றவுண்டபவுட்' எட்டரை நிமிடம். சிங்கிளாக விட்டபோது மூன்றரை நிமிடம்கூட வைக்கவில்லை. கூத்துக்கும் இது நடந்தது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுபோனார். அது நடந்திராவிட்டால் வெளியூர் ஆட்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மணிநேரக் கூத்தும் விடியும் வரை களரியைச் சுற்றி இருந்து பார்க்கிற கூத்தும் ஒன்றில்லை. இடையில் நித்திரை தூங்கி விழுந்து, யாரோ தட்டி எழுப்ப, அப்போதுதான் கர்ணன் சாகிறான். நீளத்துக்கு என்று ஒரு வேலை இருக்கிறது.

ஆனால் நீளம் எல்லாம் நீளம் இல்லை. நான் பார்ப்பது ஒன்றுதான்: 15ஆவது நிமிடத்தில் நடப்பது, முதல் நிமிடத்தைக் கேட்டிராதவனுக்கும் அதே மாதிரி வேலை செய்யுமா? செய்யும் என்றால் அது ஒட்டுப்போட்ட பாட்டு, நீளமான பாட்டு இல்லை.

இந்தப் பரீட்சையில் முதலில் விழுவது எமர்சன், லேக் அன்ட் பாமர் என்ற குழு. 'டார்க்கஸ்' 1971, ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. விரல் வேகத்துக்குக் குறைவில்லை. ஆனால் சைக்கிளில் கையை விட்டு ஓடிக் காட்டுகிற பொடியனைப் பார்க்கிற மாதிரி. முதல் சந்தியில் கை தட்டலாம், மூன்றாம் சந்தியில் வீட்டுக்குப் போகலாம். யெஸ்ஸின் 'டேல்ஸ் ஃப்ரொம் டொபோகிராஃபிக் ஓஷன்ஸ்' 1973, இரண்டு தட்டு, நாலு பாட்டு, ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குக் கிட்ட. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாத்திரங்களைப் பற்றிய ஒரு அடிக்குறிப்பைப் பாடகர் ஜோன் அன்டர்சன் வாசித்து, அதில் இருந்து முளைத்தது. அடிக்குறிப்பை 80 நிமிடமாக்கினால் என்ன ஆகும்? கீபோர்ட் வாசித்த றிக் வேக்மனுக்கே அலுப்புத் தட்டிவிட்டது. மான்செஸ்டரில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய உதவியாளர் கறிச் சாப்பாட்டுப் பொதிகளைக் கீழே இருந்து நீட்ட, மனுசன் மேடையிலேயே வைத்துச் சாப்பிட்ட கதையை அவரே சொல்லியிருக்கிறார். 1974இல் குழுவை விட்டுப் போனார். நல்ல இடங்கள் அதிலும் உண்டு. தேடுகிற பொறுமை எனக்கு இல்லை.

நீளத்தைக் கேலி செய்தே நீளமாகப் பாடியவர் ஜெத்ரோ டல்லின் இயன் அன்டர்சன், ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் வாசிப்பவர். முந்திய அல்பமான 'அக்வாலங்'கை விமர்சகர்கள் ஒரே கருவில் அமைந்த அல்பம் என்று சொல்லித் திரிய, மனுசன் இல்லை இல்லை என்று மறுத்துக் களைத்துவிட்டார். அப்படியா, இந்தா பிடியுங்கள் என்று 1972இல் 'திக் அஸ் எ பிரிக்' வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு. எழுதியது எட்டு வயதுப் பொடியன் என்று ஒரு கட்டுக்கதை. அட்டையே பக்கம் பக்கமாக விரிகிற ஒரு ஊர்ப் பத்திரிகை. பகிடியாகத் தொடங்கியது உண்மையிலேயே நன்றாக வந்துவிட்டது. முதல் மூன்று நிமிடம் உங்களுக்கு உடனே பிடிக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய றொக் பற்றியும் கேட்டீர்கள். டீப் பேர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' (1972) கிற்றார் தூக்கிய ஒவ்வொருவரும் கடந்துவந்த வீடு, அதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. லெட் செப்லினில் எல்லாரும் நாலாவது அல்பத்தைக் காட்டுவார்கள். நான் 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி'யைக் காட்டுவேன், 1975. இரண்டு தட்டு, கழிவு நிறைய இருக்கிறது, ஆனால் 'காஷ்மீர்' இருக்கிறது. ட்ரம்ஸ் நாலு நாலாக நடக்கும். கிற்றார் மூன்று மூன்றாக ஏறும். பன்னிரண்டில் ஒருமுறை சந்தித்துவிட்டு மறுபடி பிரியும். விரலில் எண்ணிக்கொண்டு கேளுங்கள், சிரிப்பு வரும். காஷ்மீருக்குப் போகாமலே, மொறொக்கோவில் ஒரு நீண்ட தெருவில் கார் ஓடியபோது பாடகர் றொபர்ட் பிளான்ட்டுக்குத் தோன்றிய வரிகள் என்பது வேறு கதை.

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் ஜெனசிஸ். 'செல்லிங் இங்லண்ட் பை த பவுண்ட்', 1973. அதில் 'ஃபேர்த் ஒஃப் ஃபிஃப்த்' பாட்டில் புல்லாங்குழலில் வந்த மெட்டு, ஸ்டீவ் ஹக்கெட்டின் கிற்றாரில் திரும்பி வரும்போது ஒரே வீட்டை இரண்டு வாசலால் பார்த்தது போல இருக்கும். பாடல் வரிகள் எனக்குப் பாதி விளங்காது, விளங்காததால் ஒரு நட்டமும் வந்ததில்லை. கமெல் குழுவின் 'மிராஜ்' (1974) பெரிய பெயர்களுக்கு நடுவில் ஒதுங்கி நிற்கிற அல்பம். அன்ட்ரூ லட்டிமரின் கிற்றார் சத்தம் போடாமல் காரியம் முடிக்கிற வகை.

என் முதல் இடம் இவை எதற்கும் இல்லை. கிங் கிரிம்சனின் 'ரெட்', 1974. றொபர்ட் ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டேன் என்று அறிவித்த பிறகு வெளிவந்த அல்பம். கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', 12 நிமிடம். தொடக்கத்தில் வயலின் கூட்டம் போலக் கேட்பது மெலட்ரொன் என்ற கீபோர்ட். ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு துண்டுக் காந்த நாடா, அதில் பதிவுசெய்த வாத்திய ஓசை. எட்டு விநாடிதான் ஓடும், பிறகு கையை எடுத்தேயாக வேண்டும். அந்த மெட்டும் பாட்டும் நாலரை நிமிடம் போல. பிறகு எல்லாம் அடங்கி, பேஸ் கிற்றார் 13 அடிக்கு ஒருமுறை சுற்றத் தொடங்கும். அதற்கு மேல் ஃபிரிப் ஒரே ஒரு சுரத்தை வாசிக்கிறார். அதையே. திரும்பத் திரும்ப. பக்கத்தில் ட்ரம்ஸ்காரர் பில் புரூஃபோர்ட் கிணுக்கென்று எதையோ தட்டுவார், பிறகு பேசாமல் இருப்பார். சுரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுபடும். சூறாவளிக்கு முந்திய பின்னேரம் கடற்கரையில் காற்றே இல்லாமல் ஒரு புழுக்கம் இருக்குமே, தென்னோலை ஒன்றும் அசையாமல், அந்த மாதிரி நாலு நிமிடம். பிறகு அடிக்கிறது பாருங்கள். எல்லாம் முடிகிற தறுவாயில் அந்த முதல் மெட்டு முழுப் பலத்தோடு திரும்பி வரும். முன்னே அதைக் கேட்டிராவிட்டால் அந்த இடத்துக்குப் பொருளே இல்லை. மேலே சொன்ன பரீட்சையில் நூற்றுக்கு நூறு.

அப்புறம், இதை எல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி என்று யாராவது சொன்னால் 'சக்தி' குழுவைப் போட்டுக் காட்டுங்கள். ஜோன் மக்லாஃப்லின், மகாவிஷ்ணு ஓர்கெஸ்ட்ராவில் காது கிழிய மின் கிற்றார் வாசித்தவர், அதை வைத்துவிட்டு வெறும் கிற்றாரோடு தரையில் சம்மணம் கட்டி இருந்தார். பக்கத்தில் தபேலாவில் சாகீர் உசேன், கடத்தில் விநாயக்ராம், வயலினில் எல். சங்கர். இந்தச் சங்கர் சிறு வயதில் வளர்ந்தது யாழ்ப்பாணத்தில். தகப்பன் வி. லக்ஷ்மிநாராயணா அங்கே இசை கற்பித்தவர். பிறகு ஜெனசிஸை விட்டுப் போன பீட்டர் கேப்ரியலின் 1989ஆம் ஆண்டு 'பஷன்' அல்பத்திலும் இதே சங்கரின் இரட்டை வயலின் இருக்கிறது. சக்தியின் முதல் அல்பம் 1975இல் நடந்த கச்சேரியின் பதிவு. றொக் என்று அதைச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்காமலே தருகிறேன்.

இனி யெஸ்.

நான் 'குளோஸ் டு த எட்ஜ்' கேட்டது டவுனில் ஒரு ரெக்கோடிங் பாரில் நிரப்பி எடுத்த கசெட்டில். சி-90 வாங்கியிருந்தால் ஒரு பக்கத்தில் முழு அல்பமும் அடங்கியிருக்கும். கையில் காசு சி-60க்குத்தான். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, தட்டின் இரண்டாம் பக்கத்தை முதலில் பதிந்து, மிச்ச இடத்தில் தலைப்புப் பாட்டைத் தொடங்கிவிட்டார். 11 நிமிடத்தில் நாடா முடிந்தது. நடுவில் எல்லாம் அடங்கி, குரல்கள் மட்டும் மிதந்து ஒன்றுக்கொன்று பதில் சொல்கிற இடம். டக். கசெட்டைத் திருப்பிப் போட்டால் போனி எம்மின் டிஸ்கோ.

பாட்டு அங்கேயே முடிகிறது என்று பல வருசம் நினைத்திருந்தேன். அழகான முடிவு என்றுகூடச் சொல்லித் திரிந்தேன், ஆட்களுக்கு விளக்கமும் கொடுத்தேன். அந்தக் கசெட்டும் மற்றவையும் 2004 டிசம்பரில் கடலோடு போயின. அதற்கு முன்பே, 1990களில் ஒருமுறை கொழும்புக்குப் போயிருந்தபோது, வெள்ளவத்தையில் ஒரு கூட்டாளியின் அறையில் அதே அல்பத்தின் சீடி. நான் மாடி விறாந்தையின் குட்டிச்சுவரில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். குரல்கள் மிதக்கிற இடம் வந்தது. காது தானாக அந்த டக்குக்குக் காத்திருந்தது. வரவில்லை. ஒரு நிமிடம் போல இன்னும் பாடினார்கள். பிறகு, லண்டன் தேவாலயம் ஒன்றின் பைப் ஓர்கனில் வேக்மன் கை வைத்தார். கோப்பையைச் சுவரில் வைக்க நினைத்து வெளியே வைத்துவிட்டேன். கீழே முற்றத்தில் உடைந்த சத்தம் பிறகுதான் கேட்டது.

ஆகவே தம்பி, யெஸ்ஸுக்குத் திரும்புகிற நாளில் எட்டரை நிமிடத்தில் இருந்து போடுங்கள். ஓர்கன் 12ஆம் நிமிடம் போல வரும். அது உங்களுக்குள் இறங்கினால் மற்ற நாள் முதலில் இருந்து. ஆரம்பத்து மூன்று நிமிடம் அப்போதும் சந்தை இரைச்சலாகத்தான் கேட்கும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான்.